சரோஜாம்மாவுக்கு நான் வெட்டாத கிராப்பு

பார்லர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், லேயர் கட் எப்படிப் போடுவது, கலரை எவ்வளவு நேரம் ஊற விடுவது என்றுதான் கேட்கிறீர்கள். அதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் போனிலேயே வந்துவிடுகிறது. என்னைவிட அழகான ஆள், என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். நான் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பவள். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் இருப்பது நான் பண்ணிய தப்புகள்தான். அதில் ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என்னால் இன்னும் முடியவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் நம் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலை பழகியது ஸ்ரீராம்புரத்தில், ஒரு வீட்டின் முன்னறையைத் திரை போட்டுப் பார்லராக்கிய இடத்தில். அங்கே வயசுப் பெண் தனியாக வர மாட்டாள். நாற்காலியில் மகள் இருப்பாள், பின்னால் ஸ்டூலில் அம்மா இருப்பாள். மகள் "ஷோல்டர் வரைக்கும் வெட்டுங்கக்கா" என்பாள். அம்மா வாயே திறக்க மாட்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுவாள். இரண்டு விரல் அகலம் வெட்டினால் போதும் என்று அர்த்தம். நானும் கத்தரியைச் சத்தமாக ஆட்டி ஆட்டி நுனியை மட்டும் எடுத்துவிட்டு, டிரையர் போட்டு உள்பக்கமாகச் சுருட்டி, தோளுக்கு ஏறிவிட்ட மாதிரி காட்டி அனுப்பிவிடுவேன். மறுநாள் தலைக்கு ஊற்றினால் பழைய நீளம் வந்து நிற்கும். அந்தப் பெண்கள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அம்மாக்கள் அடுத்த தடவையும் என்னைத்தான் கேட்டு வருவார்கள். இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கத் தெரிந்தவள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை மீறினேன். ஒரு காலேஜ் பெண் தனியாக வந்தாள், பாய் கட் கேட்டாள், வெட்டிவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது. சாயங்காலம் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் வந்து, தெருவே கூடுகிற மாதிரி கத்தினார்கள். அந்தப் பெண் அவர்களுக்குப் பின்னால் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஓனர் மேடம் எல்லார் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றிலிருந்து ஒரு சட்டமும் போட்டார். நீள முடியைக் குட்டையாக வெட்டக் கேட்டு யார் வந்தாலும், முதல் கேள்வி, "வீட்ல சொல்லிட்டியாம்மா?" எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ இடம் மாறினேன். மேடத்தை விட்டேன், அவர் போட்ட சட்டத்தை விடவில்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது எலெக்ட்ரானிக் சிட்டியில், ஆண் பெண் இருவருக்கும் வெட்டுகிற ஒரு சலூனில். எதிரே பெரிய அபார்ட்மென்ட். ஏ.சி., சுவர் நிறைய கண்ணாடி, வாசலில் பில் போடக் கம்ப்யூட்டர் என்று எல்லாம் இருந்தது. எனக்கு அடுத்த நாற்காலி சங்காவுடையது. மிசோரத்திலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயசு இருக்கும். தமிழ் வராது. கன்னடத்தில் தொழிலுக்குத் தேவையான நாலு வார்த்தை தெரியும். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் "எஷ்டு?" என்று கேட்பார். எவ்வளவு என்று அர்த்தம். அவர்கள் விரலால் காட்டுவார்கள், அவர் வெட்டுவார். பேச்சுக் கொடுக்கத் தெரியாத மனுஷன் எப்படி இந்தத் தொழிலில் பிழைக்கிறான் என்று நான் அவரைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பேன். அவருக்குப் புரியாது என்பதால் அவர் முகத்துக்கு நேராகவே பண்ணுவேன்.

அங்கேதான் ஒரு மத்தியானம் சரோஜாம்மா வந்தார். சந்தாபுராவில் இருந்தவர், எதிர் அபார்ட்மென்ட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அறுபதை ஒட்டிய வயசு. வாழ்நாள் பூராவும் கார்மென்ட்ஸில் மெஷின் ஓட்டியவர்.

அவருக்கு என்ன பிரச்சினை என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டு, எதுவும் தெரியாமல் நான் அடித்த கூத்தைப் பாருங்கள். அவருடைய வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை நெஞ்சுக்கு மேலே போகாது. சாப்பிடலாம், காய் நறுக்கலாம், தன் தலையைத் தான் பின்ன முடியாது. முடியோ இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. தினமும் காலையில் மருமகள் கவிதாதான் பின்னிவிட வேண்டும். கவிதாவுக்குக் கம்பெனி கேப் விடிந்தும் விடியாததுமாக வந்து நிற்கும். சில நாள் பின்ன நேரம் இருக்காது. தலைவிரி கோலமாக வெளியே வருவது சரோஜாம்மாவுக்கு உயிர் போகிற விஷயம். அதனால் அந்த நாட்களில் கேஸ்காரர் மணி அடித்தாலும் கதவைத் திறக்க மாட்டார். பால்கனிக்கும் வர மாட்டார். யாராவது வந்து பின்னிவிடும் வரைக்கும் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான் முடியை ஒட்ட வெட்டிக்கொள்ள வந்திருந்தார். காலையில் எழுந்ததும் யாரையும் எதிர்பார்க்காமல் வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

சரோஜாம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைப் போர்த்தினேன்.

"காதுக்கு மேல இருக்கணும்மா. ஆம்பளைங்க கிராப்பு மாதிரி."

"யாருக்கும்மா?" என்றேன். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறாரோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"எனக்குத்தான். உன் சேர்ல நான்தானே உக்காந்திருக்கேன்?"

வாயில் அந்தக் கேள்வி தயாராக இருந்தது. "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களாம்மா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கார்மென்ட்ஸ்ல இருந்தப்போ பாத்ரூம் போறதுக்கு சூப்பர்வைசரைக் கேட்டுட்டுப் போவேன். அந்தக் காலம் முடிஞ்சிடுச்சின்னு இல்ல நெனச்சேன்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ பின்னலை அவிழ்த்து, கையில் அள்ளி, எடை பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டினேன்.

"இவ்ளோ அடர்த்தியா யாருக்கும்மா இருக்கு? இங்க வர்ற ஐ.டி. பொண்ணுங்க இருவத்தஞ்சு வயசுலயே கொட்டிப்போச்சுன்னு அழறாங்க."

"வெட்டி அவங்களுக்கே குடுத்துடு."

"தோள் வரைக்கும் வெட்டறேன். பாருங்க, பத்து வயசு கொறஞ்சிடும்."

"தோள் வரைக்கும் இருந்தா கிளிப் போடணும், ரப்பர் பேண்ட் போடணும். அது எனக்கு ஆகாது. காதுக்கு மேல வெட்டு."

கிளிப் போடுவது ஒரு பெண்ணுக்கு ஏன் ஆகாது? கேட்டிருந்தால் அதிலேயே பதில் இருந்தது. என் காதில் அது விழவில்லை. என் மனசு முழுக்க அவருடைய மகன்தான் இருந்தான். உள்ளே வந்ததுமே இன்னாருடைய அம்மா என்று சொல்லியிருந்தார். அவனை எனக்குத் தெரியும், சலூனுக்கு வாடிக்கையாக வருகிறவன். அவனும் அவன் சொந்தக்காரர்களும் வந்து வாசலில் நின்று கத்துகிற மாதிரி ஒரு காட்சி என் கண்முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். "திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கோங்களேன். சாமிக்குன்னா வீட்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வளர்றப்போ நான் இங்க அழகா ஷேப் பண்ணி விடறேன்."

"எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லம்மா. பொய் சொல்றதுக்கு சாமிய எதுக்கு இழுக்கணும்?"

சங்கா பக்கத்தில் ஒரு பையனுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். நான் குனிந்து, ரகசியம் கேட்கிற பாவனையில், சோபா வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டேன்.

"உடம்புக்கு ஏதாச்சும்மா? ட்ரீட்மென்ட் கிரீட்மென்ட் நடக்குதா?"

அவர் கண்ணாடி வழியாகச் சோபாவைப் பார்த்தார். "கை தூக்க வராது. வலது கை. பின்னிக்க முடியல."

இப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. "எங்க, தூக்குங்க பாக்கலாம்" என்றேன்.

நான் டாக்டரா? போலீஸா? அவர் கை எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து எனக்கு என்ன ஆக வேண்டும்? ஆனால் கேட்டேன். அவரும் கேட்டுவிட்டாளே என்று தூக்கினார். போர்த்தியிருந்த துணிக்குள் கை மேலே வந்தது. நெஞ்சு மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினார், நான் நம்ப வேண்டுமே என்று. உதட்டைக் கடித்துக்கொண்டார், கண்ணில் நீர் வந்துவிட்டது. சோபாவில் இருந்த பெண்கள் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி "அச்சச்சோ" என்றாள். சரோஜாம்மா கையை இறக்கி, துணிக்கு உள்ளேயே இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"போதுமா? நம்பிக்கை வந்துச்சா?" என்றார்.

போதும் என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். புத்தி சொல்ல ஆரம்பித்தேன்.

"பிசியோதெரபி போனா சரியாயிடும்மா. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"போய்ட்டுத்தான் இருக்கேன். வருஷம் ஆகும்னு சொல்லிட்டாங்க."

"அப்போ சரியாகற வரைக்கும் பொறுத்துக்கோங்களேன்."

"சரியாகற வரைக்கும் கதவுக்குப் பின்னாலயே உக்காந்திருக்கவா? மருமக மொகம் சுளிச்சா ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிடுவேன். அவ தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு வந்து, சாப்பிடாம கேப்புக்கு ஓடறா. அவளை நான் எப்படிம்மா தெனமும் கேப்பேன்?"

இவ்வளவும் சொன்ன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு நிமிஷம்மா, சுடுதண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று பொய் சொல்லிவிட்டு வாசல் மேஜைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அவர் மகனுடைய நம்பர் இருந்தது. போன் போட்டேன்.

"சார், அம்மா வந்திருக்காங்க. ஃபுல்லா ஷார்ட்டா வெட்டச் சொல்றாங்க. வெட்டட்டுமா?"

அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். "அய்யோ, வேணாங்கக்கா. சும்மா நுனி மட்டும் எடுத்து அனுப்பிடுங்க. நான் சாயந்திரம் வந்து பேசிக்கறேன்."

"சரிங்க சார்" என்றேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் தலைமேல் இருந்த பாரம் வேறொருவர் தலைக்குப் போய்விட்டது. இனிமேல் எது நடந்தாலும் மகன் சொன்னார், நான் செய்தேன். அந்த நிம்மதி எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் அதிகமாகக் கூசுகிறது.

வாசல் மேஜை அவருக்கு முதுகுப் பக்கம். ஆனால் சுவர் நிறைய கண்ணாடி வைத்த சலூனில் யார் என்ன செய்தாலும் எல்லாருக்கும் தெரியும். நான் போனைக் காதில் வைத்தபடியே திரும்பியபோது, சரோஜாம்மா என் டிராலியிலிருந்து கத்தரியை எடுத்திருந்தார். இடது கையில். முடி முழுவதையும் ஒரு பக்கத் தோள் வழியாக முன்னால் இழுத்துப் போட்டு, வலது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கழுத்தருகே வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

நம் கத்தரி வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் வெட்டாது, முடி அலகுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், வாழ்நாள் முழுக்கத் துணியோடு இருந்தவர். இருந்தாலும் அறுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக முடி மடியில் விழுந்தது. என் போனில் அவர் மகன், "ஹலோ? அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் "அப்புறம் பேசறேன்" என்று வைத்தேன். ஆனால் நகரவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் அது சாக்கு. என்ன செய்தால் யார் திட்டுவார்கள் என்று அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சங்காதான் தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு வந்தார். சரோஜாம்மாவுக்கு முன்னால் வந்து, கத்தரிக்காகக் கையை நீட்டினார். பிடுங்கவில்லை, நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கொடுத்தார்.

"எஷ்டு?" என்று கேட்டார் சங்கா.

சரோஜாம்மா இடது கையால் காதின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

சங்கா தலையாட்டினார். தன்னுடைய கத்தரியை எடுத்து வந்து, என் நாற்காலியில், என் வாடிக்கையாளருக்கு வெட்ட ஆரம்பித்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கன்னடம் போதாது என்று நீங்கள் சொல்லலாம். நானும் ரொம்ப நாள் அப்படிச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் வெட்டுவதற்கு முன்னால் வலப்பக்கத் தோளுக்குக் கீழே ஒரு டவலைச் சுருட்டி வைத்து, கை தொங்காமல் பார்த்துக்கொண்டார். அதற்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை.

நான் எனக்கு ஒரு வேலை வேண்டுமே என்று துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். நீளமான முடியைத் தனியாக எடுத்து, பேப்பரில் சுற்றி, "சவுரி பண்ணிக்கலாம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று நீட்டினேன்.

"எதுக்கு? திரும்பவும் வெச்சுப் பின்னிக்கறதுக்கா?" என்றார்.

வெட்டி முடித்ததும் சங்கா சீப்பை அவர் இடது கையில் கொடுத்தார். சரோஜாம்மா முன்னாலிருந்து பின்னால் ஒரு இழுப்பு இழுத்தார், அவ்வளவுதான், சீவியாயிற்று. அவரால் நம்ப முடியவில்லை. "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை சீவினார். பிறகு இன்னொரு தடவை. சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த வெட்டு பிரமாதமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, காது துருத்திக்கொண்டு நின்றது. அதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை.

போகும்போது என்னிடம் நின்றார்.

"போன மாசம் என் பையன் இங்க வந்து தலைக்கு செம்பட்டைக் கலர் அடிச்சிட்டு வந்தானே, நீதானே அடிச்சே?"

"ஆமாம்மா."

"அப்போ எனக்குப் போன் பண்ணி, அடிக்கட்டுமான்னு கேட்டியா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் நடந்து, ரோட்டைத் தாண்டி அபார்ட்மென்ட்டுக்குள் போனார்.

தயங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வெட்டிய முடியை ஒட்ட முடியாது. அழுதுகொண்டே வந்து மொட்டை அடிக்கச் சொல்கிற பெண்ணிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், நாளைக்கு வரச் சொல்லுங்கள். அது அவளுக்காகத் தயங்குவது. நான் தயங்கியது எனக்காக. அதற்கு அக்கறை என்று பேர் வைத்துக்கொண்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி எனக்குத் தெரியும். கேள்வியை யாரிடம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டால் அது அவருக்காக. நாற்காலியைத் தாண்டி வேறு யாரிடமாவது கேட்கப் போனீர்கள் என்றால், நீங்கள் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். இன்னொன்றும் உண்டு. காரணம் சொன்னால்தான் வெட்டுவேன் என்று நிற்காதீர்கள். அவர் தலை, அவர் முடி. அந்த அம்மா காரணமே சொல்லாமல், சும்மா ஆசைக்கு வெட்டிக்கொள்ள வந்திருந்தால்கூட நான் வெட்டியிருக்க வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு பாடமாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன். முடியவில்லை.

நான் பயந்த சண்டை வரவே இல்லை. மகன் வந்து கத்தவில்லை. ஒரு வாரம் கழித்து மருமகள் கவிதா புருவம் திருத்திக்கொள்ள வந்தாள். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. எனக்கு எவ்ளோ நாளா சொல்லணும்னு இருந்துச்சு தெரியுமா, முடிய வெட்டிக்கோங்க அத்தைன்னு. நான் சொன்னா, பின்னி விட அலுத்துக்கறான்னு நெனச்சிடுவாங்களோன்னு பயம். இப்போ நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அவங்க வாக்கிங் போய்ட்டு பாலும் வாங்கிட்டு வந்துடறாங்க. இவர் போன்ல வேணாம்னு சொல்லியும் நீங்க அத்தை பக்கம் நின்னு வெட்டி விட்டீங்களாமே? வேற யாருக்குக்கா அந்த தைரியம் வரும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. மகன் போனில் வேண்டாம் என்று சொன்னான், அம்மா கிராப்போடு வந்து நின்றார். அப்படியென்றால் அக்காதான் மீறி வெட்டியிருக்க வேண்டும் என்று அவனே முடிவு பண்ணிக்கொண்டான். சரோஜாம்மா நடந்ததை வீட்டில் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் வெட்டவில்லை, இவர் வெட்டினார் என்று கையைக் காட்டினால் முடிந்தது. சங்கா இரண்டடி தள்ளி, சீப்புகளைக் கழுவி டவலில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய தமிழ் ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. கவிதா என் கையைப் பிடித்திருந்த பிடி இதமாக இருந்தது.

"அவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

சொன்னது அது ஒன்றுதான். பொய்யென்று யாரும் நிரூபிக்க முடியாத வாக்கியமாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்லியிருந்தேன். அன்று முழுக்க சங்காவின் பக்கம் திரும்பாமலே வேலை செய்தேன். அவர் டீ வாங்கி வந்து எனக்கும் ஒரு கப் வைத்தார். அதையும் குடித்தேன்.

முடி வளர்ந்ததும் சரோஜாம்மா மறுபடி வந்தார். அவர் வருவாரோ மாட்டாரோ என்று நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சலூனில் நல்ல கூட்டம். கவிதாவும் கூட வந்திருந்தாள். சரோஜாம்மா நல்ல தெம்பாக இருந்தார், காதில் பெரிய தோடு போட்டிருந்தார். என் நாற்காலி காலியாக இருந்தது. சங்காவுடையதும் அப்போதுதான் காலியாயிற்று.

கவிதா உரிமையோடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தை, அக்கா சேர் காலியா இருக்கு பாருங்க. உக்காருங்க. அன்னிக்கி வெட்டுன மாதிரியே வெட்டுவாங்க" என்றாள்.

நான் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சரோஜாம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. கவிதாவையும் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார், இத்தனை பேருக்கு முன்னால் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சொல்வதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. இதே இடத்தில்தான், நாலு பேர் பார்க்க, முடியாத கையைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தேன்.

"அக்கா காலைலேர்ந்து நின்னுட்டு இருப்பாங்க, பாவம்" என்றார் சரோஜாம்மா. "கால் வலிக்கும். நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கறேன்."

சங்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முடியாததை நான் ஊர் பார்க்க வைத்தேன். எனக்கு முடியாததை அவர் மூடி மறைத்துவிட்டார்.

கவிதாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அத்தை இப்படி முகத்துக்கு நேராக வேறு நாற்காலிக்குப் போய்விட்டாரே என்று என் பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, "சாரிக்கா, அத்தைய தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

"பரவால்லம்மா" என்றேன் நான்.